குறும்படத்துக்குக் கதை எங்கே இருக்கிறது? மானிப்பாயிலிருந்து ஒரு நோக்கு

ஒரு காலத்தில் படம் எடுப்பது என்பது பெருஞ்செல்வர்களுக்கும் பெரிய நிறுவனங்களுக்கும் மட்டுமே உரிய காரியமாக இருந்தது. இன்று நிலைமை வேறு. உயர்தர வகுப்பில் பயிலும் ஒரு மாணவனின் சட்டைப் பையில் உள்ள கையடக்கத் தொலைபேசியே படப்பிடிப்புக் கருவியாகவும் படத்தொகுப்புக் கூடமாகவும் அமைந்துவிடுகிறது. எமது பாடசாலைகளில் தொடர்பாடலும் ஊடகக் கற்கையும் ஒரு பாடமாக உள்ளது. யாழ்ப்பாணத்தில் 2015 ஆம் ஆண்டு முதல் சர்வதேசத் திரைப்பட விழாவும் நடைபெறத் தொடங்கியது. கருவிக்கோ களத்துக்கோ இனிப் பஞ்சமில்லை. ஆயினும் படம் எடுக்க முன்வரும் மாணவர்கள் அனைவரும் முதலில் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "எதைப் பற்றி எடுப்பது?"

இக்கேள்விக்கு விடை தேடுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். யாழ். குடாநாட்டின் வலிகாமப் பகுதியில் அமைந்த மானிப்பாய் என்னும் ஓர் ஊரை உதாரணமாகக் கொண்டு இதனை நோக்குவோம். ஏனைய ஊர்களில் வாழும் வாசகர்கள் தத்தம் ஊரின் பெயரை அவ்விடத்தில் இட்டு வாசிக்கலாம்.

தலைப்பு வேறு, கதை வேறு

மாணவர்கள் பலரும் செய்யும் முதற் தவறு, தலைப்பைக் கதையெனக் கருதிவிடுவதாகும். "யுத்தம்", "போதைப்பொருள்", "சீதனம்", "வீதி விபத்து" என்பன தலைப்புகள். போட்டிகளை நடத்துவோர் பெரும்பாலும் இத்தகைய தலைப்புகளையே வழங்குகின்றனர். விளைவு யாது? பத்துப் பாடசாலைகளிலிருந்து வரும் பத்துப் படங்களும் ஒரே படமாக அமைந்துவிடுகின்றன. ஒரு நல்ல மாணவன், ஒரு கெட்ட நண்பன், அழும் தாய், இறுதியில் திரையில் எழுத்தில் தோன்றும் அறிவுரை. படம் பார்ப்பவர் எதனையும் புதிதாக அறிவதில்லை. எடுத்தவரும் அறிவதில்லை.

கதைக்கரு என்பது இதனின்றும் வேறானது. ஒரு குறிப்பிட்ட மனிதர், அவருக்கு வேண்டிய ஒன்று, அதற்குத் தடையாக நிற்கும் ஒன்று, இவை நிகழும் ஓர் இடம், ஒரு சிறு கால எல்லை ஆகிய ஐந்தும் சேர்ந்தால்தான் அது கருவாகிறது. "வறுமை" என்பது தலைப்பு. "தவணைப் பரீட்சை நாளன்று, இருவருக்கும் ஒரே சோடிச் சப்பாத்து மட்டுமே உள்ள அண்ணனும் தங்கையும்" என்பது கரு. ஈரானிய இயக்குநர் மஜீத் மஜீதி 1997 இல் ஏறத்தாழ இத்தகையதொரு சிறு விடயத்தை வைத்தே "சொர்க்கத்தின் குழந்தைகள்" என்னும் முழுநீளப் படத்தை எடுத்தார். உலகம் முழுவதும் அது பார்க்கப்பட்டது.

இரண்டாவது தவறு, தமிழகத்தைப் பார்த்து அப்படியே எழுதுவது. 2000களின் இறுதியில் தமிழகத் தொலைக்காட்சியில் ஆரம்பமான "நாளைய இயக்குநர்" நிகழ்ச்சி குறும்படத்தின்பால் இளைஞர்களின் கவனத்தைத் திருப்பியது என்பதை மறுப்பதற்கில்லை. கார்த்திக் சுப்பராஜ், நலன் குமாரசாமி போன்றோர் அவ்வழியே பெருந்திரைக்குச் சென்றனர். ஆனால் அங்கு குறும்படம் என்பது வர்த்தக சினிமாவுக்கான நுழைவுச் சீட்டாகவும் விளங்கியது. எனவே இறுதி நிமிடத்தில் ஒரு திடீர்த் திருப்பம், கோடம்பாக்கத்துப் பேச்சு, ஒரு கைத்துப்பாக்கி ஆகியன அதன் அடையாளங்களாகின. இவற்றை மானிப்பாயில் வைத்து எடுக்கும்போது, எமது ஒழுங்கைகளில் நின்று எமது பிள்ளைகள் மதுரைத் தமிழ் பேசும் விந்தையைக் காண நேர்கிறது.

எமது நாட்டில் இதற்கு மாற்றுவழி இருந்திருக்கிறது. 1972 இல் வெளிவந்த "குத்துவிளக்கு", 1977 இல் தர்மசேன பத்திராஜ யாழ்ப்பாணத்தில் எடுத்த "பொன்மணி", செங்கை ஆழியானின் நாவலைத் தழுவி 1978 இல் வெளிவந்த "வாடைக்காற்று" ஆகியவை எமது மண்ணையும் பேச்சையும் திரைக்குக் கொண்டுவர முயன்றவை. இவற்றுள் "பொன்மணி"யை எடுத்தவர் ஒரு சிங்களக் கலைஞர் என்பது ஈண்டு கவனிக்கத்தக்கது. வெளியிலிருந்து வந்த ஒருவருக்கு யாழ்ப்பாணத்துச் சாதியும் சீதனமும் கதையாகத் தெரிந்தன. உள்ளே வாழும் எமக்கோ அவை அன்றாட வழக்கமாகிப் போனதால் கண்ணிற் படவில்லை.

சிறிய விடயத்தின் வலிமை

உலகின் பெரும் இயக்குநர்கள் எடுத்த குறும்படங்களை நோக்குவது பயன்தரும். போலந்து நாட்டின் கீஸ்லோவ்ஸ்கி, லோட்ஸ் நகரத் திரைப்படக் கல்லூரியில் மாணவராக இருந்தபோது 1966 இல் "அலுவலகம்" என்றொரு படத்தை எடுத்தார். சில நிமிடங்களே ஓடும் அப்படத்தில் சமூகக் காப்புறுதி அலுவலகம் ஒன்றின் யன்னல் முன் முதியவர்கள் வரிசையில் நிற்கின்றனர். உள்ளே எழுதுவினைஞர்கள் படிவங்களைக் கேட்கின்றனர். அவ்வளவுதான். ஓர் அரசு தன் மக்களை எவ்வாறு நடத்துகிறது என்பதை அந்த ஒரு யன்னல் சொல்லிவிடுகிறது. கிராம அலுவலரின் வாசலிலும் பிரதேச செயலகத்திலும் காத்திருந்த அனுபவம் இல்லாத குடும்பம் எமது மாகாணத்தில் உண்டா?

ஈரானின் அப்பாஸ் கியரொஸ்தமியின் முதற் படம் 1970 இல் எடுக்கப்பட்ட "ரொட்டியும் சந்தும்". கடையில் ரொட்டி வாங்கிக்கொண்டு வீடு திரும்பும் சிறுவனை ஒடுங்கிய சந்தில் ஒரு நாய் மறிக்கிறது. அவன் அஞ்சி நிற்கிறான். வழிப்போக்கர் எவரேனும் துணைக்கு வரமாட்டாரா எனப் பார்க்கிறான். இறுதியில் ரொட்டியில் ஒரு துண்டைப் பிய்த்து நாய்க்கு எறிகிறான். சுமார் பத்து நிமிடங்களில் பயம், தனிமை, சமயோசிதம் யாவும் வந்துவிடுகின்றன. சத்யஜித் ரே 1964 இல் எடுத்த "இரண்டு" என்னும் கால்மணி நேர அளவினதான படத்தில் ஓர் உரையாடல்கூட இல்லை. மாளிகைக்குள் விளையாட்டுப் பொருட்களுடன் ஒரு சிறுவன், வெளியே குடிசையருகே இன்னொரு சிறுவன். யன்னலின் இரு புறமும் நின்று அவர்கள் நடத்தும் போட்டியே கதை. மும்மொழி பேசும் எமது நாட்டில், வசனமில்லாத படம் எல்லாப் பாடசாலைகளுக்கும் செல்லக்கூடியது என்பதை மாணவர்கள் நினைவிற் கொள்வது நன்று.

இம்மூவருக்கும் பொதுவான அம்சம் யாதெனில், அவர்கள் பெரிய விடயத்தைத் தேடிச் செல்லவில்லை. கண்ணெதிரே கிடந்த சிறியதொன்றை உற்று நோக்கினர். பெரியது அதனுள்ளே இருந்தது.

மானிப்பாயில் கிடைப்பவை

இனி மானிப்பாய்க்கு வருவோம். கதையைத் தேடும் மாணவர் முதலில் செய்யவேண்டியது, தான் நாள்தோறும் கடந்து செல்லும் ஒரு கட்டடத்தின் முன் நின்று, "இது ஏன் இங்கே இருக்கிறது?" என வினவுவதாகும்.

கிறீன் ஞாபகார்த்த வைத்தியசாலையை எடுத்துக்கொள்வோம். அமெரிக்க மிஷன் வைத்தியரான சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847 இல் யாழ்ப்பாணம் வந்து, 1848 இல் மானிப்பாயில் மருத்துவக் கல்வியைத் தொடங்கினார். 1873 இல் தாயகம் திரும்பும் வரையில் அறுபதுக்கும் மேற்பட்டோரை வைத்தியர்களாகப் பயிற்றினார். ஆங்கிலத்தில் கற்றவர்கள் அரசாங்க உத்தியோகம் தேடி வெளியிடங்களுக்குச் சென்றுவிடுவதைக் கண்ட அவர், 1860களில் தமிழிலேயே மருத்துவத்தைக் கற்பிக்கத் தலைப்பட்டார். தமிழிற் கற்றவர் தமது ஊரிலேயே தங்கி ஊரவருக்குப் பணியாற்றுவர் என்பது அவரது எண்ணம். இதற்காக "இரணவைத்தியம்", "மனுஷ அங்காதிபாதம்" முதலிய நூல்கள் தமிழில் உருவாக்கப்பட்டன.

இதனை வாழ்க்கை வரலாறாக எடுத்தால் அது பாடப்புத்தகமாகிவிடும். குறும்படத்துக்குரிய கரு அதனுள் வேறோர் இடத்தில் உள்ளது. ஒரு மாலைப் பொழுது. வெள்ளைக்கார ஆசானும் தமிழ் மாணவனும் ஒரு மேசையில் எதிரெதிரே அமர்ந்திருக்கின்றனர். உடலின் ஓர் உறுப்புக்குத் தமிழ்ச் சொல் வேண்டும். ஆசான் சமஸ்கிருதச் சொல்லைச் சொல்கிறார், மாணவன் தன் தாய் சொல்லும் சொல்லைச் சொல்கிறான். எது நூலில் ஏறப் போகிறது? ஒரே அறை, இருவர், ஒரு விளக்கு. செலவு குறைவு. 2022 பொருளாதார நெருக்கடியின் பின் எமது வைத்தியர்கள் நாட்டைவிட்டுச் சென்றதைக் கண்டவர்களுக்கு, "கற்றவர் ஊரில் தங்குவரா?" என்னும் அந்தப் பழைய கவலை புதிதாகவே ஒலிக்கும்.

1842 இல் இவ்வூரின் அமெரிக்க மிஷன் அச்சகத்திலிருந்து வெளிவந்த தமிழ் அகராதி "மானிப்பாய் அகராதி" எனவும் வழங்கப்படுகிறது. ஐம்பத்தெண்ணாயிரத்துக்கும் மேற்பட்ட சொற்களைக் கொண்டது அது. அச்சொற்களுள் எத்தனையை இன்று எமது பாட்டிமார் மட்டுமே அறிவர்? வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்த பேரப்பிள்ளையும் அப்பாச்சியும் ஒரு சொல்லின் பொருளைத் தேடி வீடு முழுவதும் உலாவுவதுகூட ஒரு படமாகலாம்.

கட்டடங்களை விட்டால் கிணறு இருக்கிறது. குடாநாட்டில் வற்றாத ஆறில்லை. நாம் குடிப்பது சுண்ணாம்புக் கற்பாறையின் கீழுள்ள நீரையே. அயலூரான சுன்னாகத்தின் சுற்றாடலில் கிணறுகளில் கழிவெண்ணெய் கலந்தமை 2010களின் நடுப்பகுதியில் பெரும் பிரச்சினையாகி, 2019 இல் உயர் நீதிமன்றம் மின் உற்பத்தி நிறுவனம் ஒன்றை இழப்பீடு செலுத்துமாறு தீர்ப்பளித்தது. "சூழல் மாசடைதல்" என்பது தலைப்பு. தலைமுறைகளாக அயலவர்க்கெல்லாம் தண்ணீர் கொடுத்த வீட்டுக்கார அம்மா, முதன்முறையாக "இண்டைக்கு அள்ளாதேங்கோ பிள்ளை" என்று படலையில் நின்று சொல்ல நேரும் ஒரு காலைப்பொழுது என்பதே கரு.

ஒரே தேதி, இரு பாதைகள்

மேற்கூறியவை இலகுவானவை. எமது மாணவர்கள் தொடத் தயங்கும் விடயம் ஒன்றுண்டு. அதனையும் கூறாவிடின் இக்கட்டுரை நேர்மையானதாக அமையாது.

மானிப்பாயில் ஐம்பது வயதைத் தாண்டிய எவரிடமும் "1995 ஒக்டோபர் 30 அன்று எங்கே இருந்தீர்கள்?" எனக் கேட்டுப் பாருங்கள். இராணுவத்தின் சூரியக்கதிர் நடவடிக்கை முன்னேறிவந்த வேளையில், வெளியேறுமாறு விடுதலைப் புலிகள் விடுத்த அறிவித்தலைத் தொடர்ந்து, வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் பெயர்ந்தது. மழையில் நனைந்தபடி, முதியோரைத் துவிச்சக்கர வண்டிகளில் ஏற்றியபடி, நாவற்குழிப் பாலத்தினூடாகத் தென்மராட்சியை நோக்கிப் பல இலட்சம் மக்கள் நகர்ந்தனர். அந்நடையைப் பற்றி எமது வீடுகளில் இன்றும் பேசப்படுகிறது. எமது மாணவர்களின் படங்களிலும் அது அவ்வப்போது இடம்பெறுகிறது.

அதே கேள்வியை, ஆண்டை மட்டும் மாற்றி, சோனகத் தெருவைச் சேர்ந்த ஒரு முதியவரிடம் கேட்டால் வேறொரு பதில் கிடைக்கும். அதற்குச் சரியாக ஐந்து ஆண்டுகளுக்கு முன்னர், 1990 ஒக்டோபர் 30 அன்று, யாழ்ப்பாண நகரின் முஸ்லிம்கள் இரண்டு மணி நேர அவகாசத்தில் வெளியேறுமாறு விடுதலைப் புலிகளால் பணிக்கப்பட்டனர். பணத்தையும் நகையையும் விட்டுச்செல்ல வேண்டியதாயிற்று. அந்த மாதத்தில் வட மாகாணம் முழுவதிலுமிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் ஏறத்தாழ 75,000 பேர். பெரும்பாலானோர் புத்தளத்தில் அடைக்கலம் புகுந்தனர்.

ஒரே தேதி. இரு வெளியேற்றங்கள். இவ்விரண்டையும் சமமெனக் காட்டுவது தவறாகும். வலிகாம மக்களிற் பெரும் பகுதியினர் 1996 இலேயே தத்தம் வீடுகளுக்குத் திரும்பினர். முஸ்லிம்களோ ஏறத்தாழ இருபது ஆண்டுகள் காத்திருந்தனர். பலர் இன்றுவரை மீளவில்லை. தமிழர்கள் போர்முனையின் முன் பெயர்க்கப்பட்டனர். முஸ்லிம்களோ முஸ்லிம்கள் என்ற ஒரே காரணத்துக்காக வெளியேற்றப்பட்டனர். இந்த வேறுபாட்டை மறைக்கும் படம் நல்லிணக்கப் படமாகாது. அது மறதிக்கு அணியும் நல்லாடையாகவே அமையும். ஆனால் வேறுபாட்டை அறிந்துகொண்டே, ஒரே தேதியைச் சுமக்கும் இரு வீடுகளை ஒரு படத்தில் வைக்கும்போது, அங்கே கேள்வி ஒன்று பிறக்கிறது. 1995 இல் வீட்டைப் பூட்டிச் சாவியை இடுப்பிற் செருகிய ஒரு தாய், ஐந்து ஆண்டுகளுக்கு முன் பூட்டப்பட்ட அந்த வீடுகளை அக்கணத்தில் நினைத்தாளா? இக்கேள்வியைத் தன் அம்மம்மாவிடம் கேட்கத் துணியும் மாணவியிடம் ஒரு படம் இருக்கிறது.

கற்பனையாக ஓர் உதாரணம் கூறலாம். யாழ்ப்பாண முஸ்லிம்களுள் தையற் தொழில் செய்தோர் பலர் இருந்தனர். 1990 இல் தன் பாடசாலைச் சட்டைக்குத் துணி கொடுத்த மானிப்பாய்ச் சிறுவன் ஒருவன், குறித்த நாளில் கடைக்குச் செல்கிறான். கடை பூட்டியிருக்கிறது. பல ஆண்டுகளின் பின் புத்தளத்தில் ஒரு மகள், தன் வாப்பாவின் பெட்டியிலிருந்து பழைய அளவுப் புத்தகத்தைக் கண்டெடுக்கிறாள். அதில் தமிழ்ப் பெயர்கள், ஊர்கள், கழுத்தளவு, கையளவு. பத்து வயதுச் சிறுவனின் அளவு இன்னும் அப்படியே இருக்கிறது. இப்படத்தில் குண்டு வெடிக்கத் தேவையில்லை. எவரும் மேடையேறிப் பேசத் தேவையில்லை. மானிப்பாயிலுள்ள ஒரு பாடசாலையும் சோனகத் தெருவிலோ புத்தளத்திலோ உள்ள ஒரு பாடசாலையும் பாதிப் பாதியாக எடுத்து இணைத்தால், படமெடுக்கும் செயலே ஒரு சந்திப்பாகிவிடும்.

இத்தகைய படத்துக்கு எதிர்ப்பு வரலாம். "எங்கள் துயரமே பேசித் தீரவில்லை, அதற்குள் இது ஏன்?" என்பார் ஒருசாரார். "எங்கள் கதையை நீங்கள் ஏன் சொல்கிறீர்கள்?" என்பார் மறுசாரார். இரண்டு வினாக்களும் நியாயமானவையே. முதலாவதற்கு விடை, ஒரு துயரத்தைப் பேசுவதால் இன்னொன்று குறைவதில்லை என்பதாகும். இரண்டாவதற்கு விடை, ஒருவர் கதையை மற்றவர் சொல்வதை விடுத்து இருவரும் கூடிச் சொல்வதே.

எழுதும் முன் சில சோதனைகள்

கரு ஒன்று கிடைத்தபின் அதனைச் சில வினாக்களால் சோதித்தல் வேண்டும். முதலாவது, அதனை இரண்டு வாக்கியங்களிற் சொல்ல முடிகிறதா? முடியாவிடின் அது இன்னும் தலைப்பாகவே இருக்கிறது. இரண்டாவது, ஒலியை நிறுத்திவிட்டுப் பார்த்தாலும் கதை விளங்குமா? விளங்காவிடின் அது வானொலி நாடகம். மூன்றாவது, காட்சி நிகழும் இடத்துக்கு எம்மாற் செல்ல முடியுமா, அனுமதி கிடைக்குமா? திரைக்கதையின் ஒரு பக்கம் திரையில் ஏறத்தாழ ஒரு நிமிடம் என்பது பொதுவான கணக்கு. ஆகவே ஐந்து நிமிடப் படத்துக்கு ஐந்து பக்கத்துக்கு மேல் எழுதுவது வீண். நான்காவது, இறுதியில் அறிவுரை எழுத்து இல்லாவிடினும் படம் தன் கருத்தைச் சொல்லுமா?

ஐந்தாவது சோதனை எல்லாவற்றிலும் முக்கியமானது. இப்படத்தால் எவரேனும் புண்படுவரா, பாதிக்கப்படுவரா? காணாமல் ஆக்கப்பட்ட தன் மகனின் புகைப்படத்துடன் நிற்கும் தாயை எமது கமெராக்கள் எத்தனையோ தடவை படம்பிடித்துச் சென்றுவிட்டன. அவருக்கு எதுவும் திரும்பி வரவில்லை. ஒருவரின் துயரத்தைப் படமெடுக்கும் முன் அவரது சம்மதத்தைப் பெறுவதும், முடிந்தபின் படத்தை முதலில் அவருக்கே போட்டுக் காட்டுவதும், அவர் வேண்டாமென்றால் நிறுத்திவிடுவதும் மாணவர்கள் கற்கவேண்டிய முதற் பாடங்களாகும்.

ஆசிரியர்களுக்கும் ஒரு கடமையுண்டு. தலைப்பைக் கொடுத்துப் படம் கேட்பதற்குப் பதிலாக, ஒரு கொப்பியைக் கொடுத்து ஒரு மாதம் அவகாசம் வழங்கலாம். நாள்தோறும் ஒரு பக்கம். பஸ்ஸில் கேட்ட ஓர் உரையாடல், வீட்டிலுள்ள ஒரு பழம்பொருளின் வரலாறு, ஊரிலுள்ள பூட்டிய ஒரு வீட்டின் சொந்தக்காரர் எங்கே என்ற விபரம், முதியவர் ஒருவரிடம் கேட்ட ஒரு கேள்வி. முப்பது பக்கங்களில் இருபத்தெட்டுப் பயனற்றுப் போகலாம். மீதி இரண்டு பக்கங்கள் போதுமானவை.

1990ஐயும் 1995ஐயும் வளர்ந்தவர்களாகக் கண்டவர்கள் முதுமையடைந்து வருகின்றனர். அளவுப் புத்தகங்களும் பழைய சாவிகளும் குப்பையிற் சேர்ந்துகொண்டிருக்கின்றன. இன்று உயர்தர வகுப்பில் பயிலும் பிள்ளைகளே அவர்களை நேரிற் கேட்கக்கூடிய கடைசித் தலைமுறையாக இருக்கக்கூடும். எனவே மாணவர்களே, கதையைத் தேடி வெகுதூரம் செல்லவேண்டியதில்லை. இன்று மாலை வீட்டுக்குச் சென்றதும் தொலைபேசியைச் சற்று ஒருபுறம் வைத்துவிட்டு, அம்மம்மாவின் அருகிலோ உம்மாவின் அருகிலோ அமர்ந்து, அந்தத் தேதியைச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள். அவர் பேசத் தொடங்கினால் நன்று. பேசாமல் எழுந்து சென்றாலும், உங்கள் படத்தின் முதற் காட்சி உங்களுக்குக் கிடைத்துவிட்டது.